பழைய தரையை உடைக்காமல் புது டைல்ஸ்: மதுரை வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அப்பா கட்டிய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும், பழைய வீடு வாங்கிக் குடிபோகிறவர்களும் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "தரையை உடைக்கணுமா, அப்படியே மேலேயே ஒட்டிடலாமா?" மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு புதுப்பிக்கும் வேலை எடுத்துச் செய்கிறேன். செல்லூர் சந்து வீடுகள், மாசி வீதிப் பக்கத்து முற்றம் வைத்த வீடுகள், திருநகர் தனி வீடுகள் என்று எத்தனையோ தரைகளைத் தட்டிப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டினால் நிற்குமா?

நிற்கும். பழைய தரை கெட்டியாக இருக்க வேண்டும், அசையக் கூடாது, மேலே எண்ணெயோ மெழுகோ பெயின்டோ இருக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் உடைப்பது வீண் செலவு, வீண் தூசி. ஒன்று தப்பினாலும், எவ்வளவு விலை கொடுத்து டைல்ஸ் வாங்கினாலும் நிற்காது. புது டைல் பிடித்திருப்பது பழைய தரையைத்தான். பழைய தரை கழன்றால் புதுசும் சேர்ந்தே கழலும். அதனால் கடைக்குப் போய் டிசைன் பார்ப்பதற்கு முன்னால் வீட்டுத் தரையைப் பாருங்கள்.

எங்கள் வீட்டுத் தரை கெட்டியாக இருக்கிறதா என்று நாங்களே பார்க்க முடியுமா?

தாராளமாக. ஒரு ஐந்து ரூபாய் நாணயம், ஒரு சாக்பீஸ், ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் ஷீட், நீளமான மட்டப்பலகை. இவ்வளவு போதும்.

முதலில் நாணயம். ஃபேனை நிறுத்திவிட்டு, டிவியை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லையும் நடுவில் ஒரு முறை, நாலு மூலையில் ஒவ்வொரு முறை தட்டுங்கள். கெட்டியான இடத்தில் 'டிக்' என்று ஒட்டிய சத்தம் வரும், விரலில் நாணயம் சட்டென்று நின்றுவிடும். பொள்ளலாக இருக்கிற இடத்தில் காலி டப்பாவைத் தட்டின மாதிரி 'டொக்' என்று வரும், நாணயம் லேசாக அதிரும். ஐந்து நிமிஷம் தட்டினால் யாருக்கும் காது பழகிவிடும். சத்தம் மாறுகிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். முடிந்ததும் வாசலில் நின்று மொத்தத் தரையையும் பாருங்கள். வட்டங்கள் அங்கொன்று இங்கொன்றாக இருந்தால் அவற்றை மட்டும் எடுத்துவிட்டுக் கலவை போட்டு நிரப்பலாம். வட்டங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு, பத்தில் மூன்று கல்லுக்கு மேல் பொள்ளலாக இருந்தால் நான் மொத்தமாக உடைக்கத்தான் சொல்வேன். அந்தத் தரை ஏற்கெனவே கழன்றுகொண்டிருக்கிறது.

அடுத்தது தண்ணீர். தரையில் பத்து இடத்தில் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். சிமெண்ட் தரை, மொசைக் என்றால் சில நிமிஷத்தில் அந்த இடம் கறுத்து, தண்ணீர் உள்ளே இறங்க வேண்டும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் மேலே மெழுகோ எண்ணெயோ பாலிஷோ இருக்கிறது. அதைத் தேய்த்து எடுக்காமல் எந்தப் பசையும் பிடிக்காது.

பிளாஸ்டிக் ஷீட் தரைத்தளத்துக்கு மட்டும். இரண்டடிக்கு இரண்டடி ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் எடுக்கும்போது அடியில் முத்து முத்தாக ஈரம் நின்றால் மண்ணிலிருந்து ஓதம் ஏறுகிறது. வைகைக் கரையோரத்துப் பழைய வீடுகளிலும், கண்மாய் இருந்த இடத்தில் வந்த நகர்களிலும் இது சகஜம். சுவர் ஓரம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலும் அதுதான் அர்த்தம். மேலே டைல்ஸ் போட்டு மூடினால் ஈரம் போக வழியில்லாமல் இடுக்குகளிலும் சுவரிலும் ஏறும். முதலில் ஓதத்துக்கு வழி பண்ணுங்கள்.

கடைசியாக மட்டம். பத்தடி மட்டப்பலகையைத் தரையில் வைத்து அடியில் எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். பெரிய டைல்ஸ் போடுவதாக இருந்தால் பத்தடிக்கு 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் மேடு இருக்கக் கூடாது. இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கினால் ஏறத்தாழ அந்த உயரம் வரும். அது பலகைக்கு அடியில் தாராளமாக நுழைந்தால் அந்தப் பள்ளத்தை முதல் நாளே நிரப்பிக் காயவிட வேண்டும்.

எந்தெந்தத் தரை மேல் போடலாம், எதன் மேல் போடக் கூடாது?

இந்த ஊரில் கிடைக்கிற தரைகளில் எனக்குப் பிடித்த அடித்தளம் மொசைக்தான். வெள்ளைச் சிமெண்டும் சலவைக்கல் சில்லும் கலந்து போட்டு, கல் வைத்து இழைத்தது. நாற்பது வருஷம் ஆகியும் பாறை மாதிரி கிடக்கும். மேல் மினுமினுப்பை மட்டும் கிரைண்டரில் டயமண்ட் கப் வீல் (வைரத்துகள் பதித்த தேய்ப்புச் சக்கரம்) போட்டு எடுத்துவிட்டால் பசை நன்றாகப் பிடிக்கும்.

பழைய செராமிக் டைல்ஸ், விட்ரிஃபைட் டைல்ஸ் மேலும் போடலாம். ஆனால் பளபளப்பு போக வேண்டும். உளியால் கொத்திவிடுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. மொசைக்கில் லேசாகக் கொத்தலாம். டைல்ஸில் மட்டும் கொத்தாதீர்கள், அந்த அதிர்ச்சியிலேயே நன்றாக இருந்த டைலும் அடியில் கழன்றுவிடும். தேய்ப்பதுதான் சரி.

சாதா சிமெண்ட் தரை நல்லது, மேலே பொடி உதிராமல் இருக்க வேண்டும். சாவியால் கீறிப் பாருங்கள். கோடு மட்டும் விழுந்தால் சரி, மாவு மாதிரிப் பொடி வந்தால் அந்த மேல்தோலைத் தேய்த்து எடுக்க வேண்டும்.

கடப்பா கல் கனமான பலகைக் கல். முழுசாக உட்கார்ந்திருந்தால் பிரச்சினை இல்லை. ஒரு மூலையில் ஏறி நின்றால் இன்னொரு மூலை ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடுகிற கல்லை எடுத்துத் திரும்பப் பதிக்காமல் மேலே ஒன்றும் செய்ய வேண்டாம்.

போடவே கூடாதது மரப்பலகைத் தரை, பி.வி.சி. விரிப்பு, லேமினேட். இவை கால் வைத்தால் நெளிகிறவை. டைலுக்கு நெளியத் தெரியாது, உடையத்தான் தெரியும்.

சிவப்புத் தரை (ரெட் ஆக்சைடு) மேல் போடலாமா?

இதற்கு என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் எங்கள் சொந்த வீட்டு ஹாலில்தான் முதன்முதலாக டைல்ஸ் போட்டேன். தாத்தா காலத்துச் சிவப்புத் தரை. அம்மா பல வருஷமாகத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். அதன் மேலேயே சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) ஊற்றி விட்ரிஃபைட் டைல்ஸ் பதித்தோம். பார்க்க அவ்வளவு அழகு.

இரண்டாவது வருஷம் அக்னி நட்சத்திர வெயிலில், மத்தியானம் மூன்று மணி இருக்கும், 'டப்' என்று ஒரு சத்தம். ஹால் நடுவில் நாலு டைல்ஸ் கூடாரம் மாதிரி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு மேலே எழும்பி நின்றன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. டைலின் முதுகும் சுத்தமாக இருந்தது. சிமெண்ட் மட்டும் தனி அப்பளமாகக் கையில் வந்தது. அடியில் சிவப்புத் தரை போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே மின்னிக்கொண்டிருந்தது. அதில் ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. அதாவது மேலேயும் பிடிக்கவில்லை, கீழேயும் பிடிக்கவில்லை. இரண்டு வருஷமும் எடையில்தான் கிடந்திருக்கிறது. மொத்த ஹாலையும் எடுத்துவிட்டு மறுபடி போட்டேன்.

சிவப்புத் தரையில் அந்தச் சிவப்பு என்பது சில மில்லிமீட்டர் தோல்தான். எண்ணெய் குடித்திருக்கும், பல இடங்களில் அடித்தளத்திலிருந்து பொருக்கு விட்டிருக்கும். தோல் முழுவதையும் கிரைண்டர் வைத்து எடுத்து, சாம்பல் நிறக் கான்கிரீட் தெரிந்த பிறகு, தண்ணீர்ச் சொட்டு உள்ளே இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள். அப்படிச் செய்தால் தாராளமாக நிற்கும்.

எங்கள் கொத்தனார் சிமெண்ட் பாலே போதும், பசை எல்லாம் கடைக்காரன் வியாபாரம் என்கிறார். உண்மையா?

அவர் கற்றுக்கொண்ட காலத்தில் அது உண்மை. அன்றைக்கு வந்த செராமிக் டைலும் ஆத்தங்குடிக் கல்லும் தண்ணீர் குடிக்கும். சிமெண்ட் பாலை உறிஞ்சிக்கொண்டு, சிமெண்ட் இறுகும்போது துளைகளுக்குள் வேர் பிடித்த மாதிரிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் டைலைத் தொட்டியில் ஊறப்போட்டுப் பதித்தார்கள்.

இப்போது குஜராத் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வருகிற விட்ரிஃபைட் டைல் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. ஊறப்போட்டாலும் பிரயோஜனம் இல்லை. அதன் முதுகில் சிமெண்டுக்கு வேர் விட இடமே கிடையாது. கீழேயும் பழைய வழுவழுத் தரை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சிமெண்ட் வைத்து ஒட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கடையில் பையில் வருகிற டைல் பசையில் சிமெண்டும் மணலும் தவிர பாலிமர் இருக்கிறது. துளை இல்லாத பரப்பிலும் பிடிக்க வைப்பது அதுதான், கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதும் அதுதான்.

கொத்தனாரிடம் சண்டை வேண்டாம். மட்டம் பார்க்கிற கை அவருடையது, அது கடையில் கிடைக்காது. பசையை நீங்கள் வாங்கிக் கொடுத்து, பையில் எழுதியிருக்கிறபடி கலக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்துகிற வேலை கூடாது. உருண்டைகளுக்கு நடுவே காலி இடம் நிற்கும். அந்த இடத்தின் மேல் ஒரு நாள் குழவியோ சிலிண்டரோ விழுந்தால் டைல் உடையும்.

எந்தப் பசை வாங்குவது? எத்தனை பை ஆகும்?

இந்தியத் தர அளவு ஐ.எஸ். 15477. அதில் பசையை வகை 1 முதல் வகை 5 வரை பிரித்திருக்கிறார்கள். டைல் மேல் டைலுக்கு வகை 1 போதாது. கம்பெனி எதுவாக இருந்தாலும், பையின் மேலே 'பழைய டைல் மேல் ஒட்டலாம்' என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். எழுதவில்லை என்றால் வாங்காதீர்கள். தயாரித்த தேதியையும் பாருங்கள். குடோனில் கட்டிபட்ட பை சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

3 மி.மீ. கனத்தில் போட்டால் 20 கிலோ பை 40 முதல் 50 சதுர அடிக்கு வரும். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு மூன்று பை. தரையில் பள்ளம் மேடு இருந்தால் நாலு.

கலக்கும்போது தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும். கண் அளவு வேண்டாம். கலக்கி ஐந்து நிமிஷம் விட்டு, மறுபடி ஒரு முறை கலக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் கோடு கோடாக இழுக்க வேண்டும். வட்டம் சுற்றி இழுத்தால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். பெரிய டைலுக்கு முதுகிலும் மெல்லிசாகப் பூச வேண்டும். அதற்கு முன்னால் டைலின் முதுகை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வெள்ளையாக மாவு ஒட்டியிருக்கும், அதை விட்டுவிட்டால் பசை மாவைத்தான் பிடிக்கும், டைலை அல்ல.

மதுரை வெயிலுக்கு இன்னொன்று. விரித்த பசை பையில் போட்டிருக்கிற நேரத்துக்கு முன்னாலேயே தோல் கட்டிவிடும். விரலால் தொட்டுப் பார்த்தால் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக விரிக்க வேண்டும். தண்ணீர் தெளித்து உயிர் கொடுக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். ஜன்னலில் ஒரு போர்வை கட்டி வெயிலை மறைத்து, ஃபேனை நிறுத்தி, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று டைலுக்கு வேண்டிய அளவே விரிப்பது நல்லது.

நடு நடுவே ஒரு டைலைப் பதித்த உடனே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகில் பத்தில் எட்டுப் பங்காவது பசை ஒட்டியிருக்க வேண்டும். குளியலறை என்றால் ஏறத்தாழ முழுசும்.

தரை எவ்வளவு உயரும்? கதவெல்லாம் மாட்டிக்கொள்ளாதா?

டைல் 9 அல்லது 10 மி.மீ., பசை 3 முதல் 6 மி.மீ. மொத்தம் அரை இஞ்சுக்குக் கொஞ்சம் மேல். பழைய வீடுகளில் நிலைப்படி உயரமாக இருப்பதால் வாசல் கதவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நிலைப்படி இல்லாத அறைக்கதவுகளை அடியில் இழைக்க வேண்டும். ஆசாரியிடம் டைல்ஸ் வேலைக்கு முன்பே சொல்லி வையுங்கள். டைல்ஸ் போட்ட பிறகு உள்பக்கம் மாட்டிக்கொண்ட கதவைக் கழற்றுவது பெரும்பாடு.

எல்லாரும் மறக்கிற இடம் மாடிப்படி. ஹால் தரை அரை இஞ்ச் உயர்ந்தால் முதல் படி மட்டும் அரை இஞ்ச் குட்டையாகிவிடும். மற்ற படிகள் அதே உயரம். தினமும் ஏறிப் பழகிய கால் அந்த ஒரு படியில்தான் தடுக்கும், அதிலும் வயசானவர்களுக்கு. படிகளுக்கும் சேர்த்து ஒரே கனத்தில் டைல்ஸ் போட்டால் கீழே சரியாகிவிடும். ஆனால் மேலே மாடித் தரை உயரவில்லை என்றால் கடைசிப் படியில் அதே வித்தியாசம் வரும். ஆக மாடித் தரையையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

சமையலறையில் ஃபிரிட்ஜ் மேலே லாஃப்ட் இருந்தால் அளந்து பாருங்கள்.

மாடியில் இவ்வளவு எடை தாங்குமா?

கான்கிரீட் தளம் என்றால் பயம் வேண்டாம். 10 மி.மீ. விட்ரிஃபைட் டைலும் பசையும் சேர்ந்து சதுர அடிக்கு ஏறத்தாழ 2.75 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 330 கிலோ. வீட்டுத் தளத்தை ஆட்களும் சாமான்களும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 200 கிலோ, அதாவது சதுர அடிக்கு 18 கிலோவுக்கு மேல் தாங்கும்படிதான் கணக்குப் போடுவது. அதே அறையில் பசைக்குப் பதிலாக ஒன்றரை இஞ்ச் மணல் சிமெண்ட் கலவை போட்டுப் பதித்தால் ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடும். பழைய தரையை எடுக்காமல் மேலே கலவை போடுகிற யோசனைக்கு நான் எப்போதும் வேண்டாம் என்றே சொல்வது இதனால்தான்.

மரக்கட்டை உத்தரம் போட்டு மேலே செங்கல் அடுக்கிய பழைய மச்சு வீடு என்றால் கதையே வேறு. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் இன்னமும் பல இருக்கின்றன. நடந்தாலே லேசாக அதிரும். கட்டையின் முனை சுவருக்குள் கரையான் அரித்திருந்தாலும் வெளியே தெரியாது. இன்ஜினியர் ஒருவர் நேரில் வந்து கட்டைகளைப் பார்க்காமல் அங்கே டைல்ஸ் பேச்சே எடுக்காதீர்கள்.

ரோடு போட்டுப் போட்டு எங்கள் வீடு பள்ளமாகிவிட்டது. டைல்ஸ் மேல் டைல்ஸ் போட்டால் தண்ணீர் வராமல் இருக்குமா?

இருக்காது. அரை இஞ்ச் உயரம் மழைத் தண்ணீருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்றால் தரையை மண்ணும் கான்கிரீட்டும் போட்டு அடிக்கணக்கில் உயர்த்த வேண்டும், அப்போது நிலை, ஜன்னல், கூரை உயரம் எல்லாம் மாறும். அது தனி வேலை. அதைச் செய்கிற எண்ணம் இரண்டு மூன்று வருஷத்தில் இருக்கிறது என்றால் இப்போது டைல்ஸுக்குக் காசு போடாதீர்கள்.

திருமங்கலம் பக்கம் எங்கள் வீடு. தரையில் விரிசல் வந்து வந்து போகிறது. மேலே டைல்ஸ் போட்டு மறைக்கலாமா?

வந்து வந்து போகிறது என்று நீங்கள் சொல்வதே பதில். அது கரிசல் மண். மழையில் தண்ணீர் குடித்து உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். தரை அதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. மேலே போடுகிற டைலிலும் அதே இடத்தில் அதே கோடு விழும்.

விரிசலின் இரண்டு பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்து, நடுவே உள்ள தூரத்தை அளந்து சுவரில் தேதி போட்டு எழுதுங்கள். மழைக்கு முன்னால் ஒரு முறை, மழைக்குப் பின்னால் ஒரு முறை, பங்குனியில் ஒரு முறை. தூரம் மாறவில்லை என்றால் அது பழைய, அடங்கிப்போன விரிசல். நிரப்பிவிட்டு மேலே விரிசல் தடுப்புப் படலம் ஒட்டி டைல்ஸ் போடலாம். மாறினால், அல்லது விரிசலின் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் விரலுக்குத் தட்டினால், தரையை எடுத்துவிட்டு அடிமண்ணைச் சரி செய்யாமல் முடியாது. ஒரு வருஷம் காத்திருப்பது கஷ்டம்தான். ஆனால் கரிசலில் அவசரப்பட்டவர்கள் இரண்டு தடவை டைல்ஸ் வாங்கியிருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

பாத்ரூமிலும் இதே மாதிரி மேலேயே ஒட்டலாமா?

ஒழுக்கு இருந்தால் கூடாது. கீழ் வீட்டுக் கூரையில் ஈரத் தேமல் இருந்தால் ஒழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். உடைத்து, வாட்டர்ஃப்ரூஃபிங் செய்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் டைல்ஸ்.

ஒழுக்கு இல்லை என்றாலும் வாட்டத்தைப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றினால் எல்லாம் வடிகாலுக்கு ஓட வேண்டும். பாத்ரூம் தரை ஹாலைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும். ஹாலை உயர்த்தாமல் பாத்ரூமை மட்டும் உயர்த்தினால் தண்ணீர் ஹாலுக்கு வரும். டைல் சொரசொரப்பான மேட் ஆக இருக்கட்டும். பளபளப்பு வேண்டாம்.

இடுக்கே தெரியாமல் ஒட்டித் தரச் சொன்னால் மேஸ்திரி முடியாது என்கிறார். ஏன்?

நல்ல மேஸ்திரி. விட்டுவிடாதீர்கள் அவரை.

டைல் சூட்டில் விரியும். இருபதடி நீள ஹாலில் 20 டிகிரி வெப்பம் கூடினால் டைல் வரிசை ஏறத்தாழ 0.8 மி.மீ. நீளும். அடியில் இருக்கிற கான்கிரீட் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விரியும், சுருங்கும். பார்வைக்கு ஒன்றும் இல்லாத அளவு. ஆனால் டைல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, சுவரிலும் முட்டிக்கொண்டு நின்றால் அந்த 0.8 மி.மீ.க்குப் போக இடம் இல்லை, மேலேதான் எழும்பும். எங்கள் ஹாலில் கேட்ட 'டப்' சத்தம் அதுதான். நானும் இடுக்கு விடாமல்தான் ஒட்டியிருந்தேன்.

டைலுக்கு டைல் குறைந்தது 2 மி.மீ. இடுக்கு, ஸ்பேசர் (இடுக்குக்கு வைக்கிற பிளாஸ்டிக் துண்டு) வைத்து. சுவர் ஓரம் சுற்றிலும் 5 முதல் 8 மி.மீ. விட்டுவிடுங்கள், ஸ்கர்ட்டிங் (சுவர் அடியில் ஒட்டுகிற பட்டை) வந்து மறைத்துவிடும். அந்த ஓர இடுக்கில் கலவை போட்டு அடைக்கக் கூடாது. இருபது இருபத்தைந்து அடிக்கு மேல் நீளமான ஹால் என்றால் நடுவே ஒரு இடத்தில் இழுபடுகிற சீலன்ட் போட்ட இடுக்கு வேண்டும். வெயில் நேராக விழுகிற முற்றத்திலும் மொட்டை மாடியிலும் எட்டுப் பத்தடிக்கே ஒன்று வேண்டும்.

நாலடிக்கு இரண்டடி டைல் போடலாமா?

போடலாம், தரை மட்டமாக இருந்தால். நீள டைல் நடுவில் லேசாக வளைந்திருப்பது வழக்கம். செங்கல் கட்டு மாதிரி பாதிக்குப் பாதி தள்ளிப் பதித்தால் ஒரு டைலின் மேடு அடுத்ததன் ஓரத்தோடு வந்து நின்று காலில் தட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாதீர்கள். பழைய தரை அலை அலையாக இருந்தால் இரண்டடிக்கு இரண்டடியே நல்லது.

எத்தனை நாளில் முடியும்? சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள்.

300 சதுர அடி ஹால் என்றால் தேய்த்துச் சுத்தம் செய்ய ஒரு நாள், பள்ளம் நிரப்பிக் காய ஒரு நாள், ஒட்ட இரண்டு நாள், ஒரு நாள் விட்டு இடுக்கு நிரப்ப ஒரு நாள். ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டி 24 மணி நேரம் யாரும் மிதிக்கக் கூடாது. பீரோ, கட்டில் உள்ளே வர இன்னும் மூன்று நான்கு நாள். கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஆரம்பித்தால் திருக்கல்யாணத்துக்கு வருகிறவர்கள் புதுத் தரையில் பாய் விரிக்கலாம். எதிர்சேவைக்கு முந்தின வாரம் ஆரம்பித்துவிட்டு மேஸ்திரியை விரட்டாதீர்கள்.

வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். வேண்டாம். சிமெண்ட் கலவை போட்ட இடுக்கை ஆசிட் தின்றுவிடும். ஈர ஸ்பாஞ்ச் வைத்து அன்றன்றே துடைத்துவிட்டால் ஆசிட்டே தேவைப்படாது.

சோதனையில் தரை தேறவில்லை. உடைக்கத்தான் வேண்டும். என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

தூசி. கல்லும் கான்கிரீட்டும் உடைக்கும்போதும் தேய்க்கும்போதும் பறக்கிற தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்ப வராது, மருந்தும் கிடையாது. வேலை செய்கிறவர்கள் துண்டைக் கட்டிக்கொண்டு செய்வார்கள். துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது. என்95 மாஸ்க் ஆளுக்கு ஒன்றாவது தினமும் வாங்கிக் கொடுங்கள், தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு வேலை ஒரு வாரம்தான். அவர்களுக்கு இது வருஷம் முழுக்க. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

அப்புறம் இடிசல். 300 சதுர அடியை இரண்டு இஞ்ச் ஆழம் எடுத்தால் 50 கன அடி, அரை யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). உடைத்துக் குவித்தால் அதற்கும் மேல் வரும். வண்டிக்காரரிடம் எங்கே கொட்டப்போகிறார் என்று கேட்டு அனுப்புங்கள். கிருதுமால் நதியிலும் கண்மாய்க் கரையிலும் கொட்டியதெல்லாம் மழைக்காலத்தில் தண்ணீரை மறித்து நம் தெருவுக்கே திருப்பிவிடுகிறது. அடித்தளம் நிரப்ப இடிசல் தேவைப்படுகிற வீடு பக்கத்திலேயே எங்காவது கட்டிக்கொண்டிருப்பார்கள், விசாரித்தால் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல். மங்கிப்போய்விட்டது. மேலே டைல்ஸ் போட்டுவிடலாமா?

போட முடியும். போடாதீர்கள்.

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின் மேல் கையால் வண்ணம் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுத்த கல் அது. சூளையில் சுடாதது. மங்கலாகத் தெரிவது பெரும்பாலும் அழுக்கும் பழைய மெழுகும்தான். ஒரு மூலையில் நாலு கல்லை மட்டும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காயவைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். அந்த நாலு கல்லையும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். நல்ல மொசைக்குக்கும் இதே யோசனைதான். மறுபடி ஒரு முறை மெஷினில் இழைத்து பாலிஷ் போட்டால் டைல்ஸ் செலவில் பாதி கூட ஆகாத வீடுகள் உண்டு. கோடையில் அந்தத் தரையில் வெறுங்காலோடு நடக்கிற சுகமும் மிச்சம்.

சமையலறைத் தரையில் ஆட்டுக்கல் பதிந்திருக்கிறது. அதை என்ன செய்வது?

சுற்றிலும் கிரைண்டரால் வெட்டிவிட்டு இரண்டு ஆள் சேர்ந்து கடப்பாரையால் நெம்பினால் வந்துவிடும். பிரச்சினை அது விட்டுப்போகிற குழிதான். இடிசலை அள்ளிப் போட்டு மேலே சிமெண்ட் பூசி அன்றைக்கே டைல்ஸ் ஒட்டுவார்கள். ஆறு மாதத்தில் அந்த இடம் மட்டும் அமுங்கும். குழியின் அடியை நனைத்து, அரை அடி அரை அடியாக மண் போட்டு இடித்து, மேல் நாலு இஞ்ச் கான்கிரீட் போட்டு, ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். அப்புறம் மூன்று வாரம் சும்மா விடுங்கள். அந்த நாட்களில் ஹால், அறை வேலையைப் பார்த்துக்கொண்டு சமையலறையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

ஆட்டுக்கல்லை விற்காதீர்கள். கொல்லையில் வேப்பமரத்தடியில் போட்டு வைத்தால் குழியில் மழைத் தண்ணீர் நிற்கும், மைனா வந்து குடிக்கும். கொசு வராமல் இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றிவிடுங்கள்.